ஒதுக்கியது யார், ஒதுங்கியது யார்?

கேள்வி: ஒசாகாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஜப்பானின் குட்டித் தீவுகளுக்குப் போய், அழிந்துவரும் சடங்குகளைப் படம்பிடிக்கிறேன். பதிவு செய்தாலாவது அவை பிழைக்குமே என்ற ஆசைதான். போன வருடம் தொகாரா தீவுகளில் ஒன்றான அகுசெகிக்கு, போஸே திருவிழா பார்க்கப் போனேன். ஊரில் யாருமே முகம்கொடுத்துப் பேசவில்லை. இறங்கியதும் ஒரு பெரியவர் மட்டும் பெட்டிகளைக் காட்டி ஏதோ சொன்னார். கையில் கேமரா இருந்ததால் ஒதுங்கிவிட்டேன். வெளிநாட்டுக்காரன் என்றுதான் ஒதுக்குகிறார்களா?

பதில்: ஒதுங்கியது நீங்கள், தம்பி. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

நூறு பேர்கூட இல்லாத ஊர் அது. தெற்கு ஜப்பானின் ககோஷிமா துறைமுகத்திலிருந்து ராத்திரி கிளம்பும் கப்பல், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் எட்டிப் பார்க்கும். அரிசி, மருந்து எல்லாம் அதில்தான் வர வேண்டும். கப்பலிலிருந்து வீசும் கயிற்றைப் பிடித்துக் கட்டுவதும் சரக்கு இறக்குவதும் அந்த ஊர்க்காரர்களேதான். அந்த வேலைக்குத்தான் பெரியவர் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டா கேட்டார்? கல்யாண வீட்டில் இலை போட ஆளில்லாமல் தவிக்கும்போது, பந்தி ஆரம்பித்தாச்சா என்று எட்டிப் பார்க்கிற ஆளை என்ன சொல்வார்கள் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

போஸே என்கிற முகமூடித் தெய்வம் வருவது, முன்னோர்களை வரவேற்கும் ஓபோன் பண்டிகை முடிகிறபோது. வீட்டுக்கு வந்த முன்னோர்களை அப்போதுதான் வழியனுப்பியிருப்பார்கள். உடம்பெல்லாம் ஓலை, பெரிய காது வைத்த முகமூடி, கையில் செம்மண் சேறு தோய்த்த கோல். துரத்தித் துரத்திச் சேறு பூசும், பிள்ளைகள் அலறும். உங்களுக்கு அது நல்ல விஷுவல். அவர்களுக்கு வீட்டுக் காரியம். வீட்டுக் காரியத்தில் வேலை செய்கிறவன்தான் உறவு, மற்றவன் பார்வையாளன். இதில் நான் கொஞ்சம் பழைய ஆள், மாறப்போவதும் இல்லை.

அப்புறம், பதிவு செய்தால் பிழைக்குமா? ஒகினாவா பக்கம் குதாகா தீவில் இசைஹோ என்றொரு சடங்கு, 12 ஆண்டுக்கு ஒருமுறை. முப்பது வயது தாண்டிய உள்ளூர்ப் பெண்கள் பூசாரிகளாகும் சடங்கு அது. 1978-இல் நடந்ததைப் படமெடுத்தார்கள். 1990-இல் சேர்வதற்குப் பெண்கள் இல்லாமல் நின்றுபோனது. 2002-லும் 2014-லும் நடக்கவில்லை. படம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சரி, மறுபடி அகுசெகிக்குப் போங்கள். திருவிழா இல்லாத மாதமாகப் பார்த்து, ஒரு ஜோடி கையுறையோடு போங்கள். தங்கும் வீட்டில் கேமராவை வைத்துவிட்டு, கப்பல் வரும் நேரத்துக்குத் துறைக்கு வந்து, கயிறு வீசும்போது எங்கே நிற்கக் கூடாது என்று அந்தப் பெரியவரையே கேளுங்கள். முதலில் முறைப்பார். பரவாயில்லை, பெட்டியைத் தூக்குங்கள்.