அடுக்குமாடி வீட்டுக்கு எந்த நாய் சரிவரும்?

சின்ன வீட்டுக்குச் சின்ன நாய்தானே நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. உருவத்தைவிட, குரைக்கும் பழக்கமும் துறுதுறுப்பும்தான் முக்கியம். ஜாக் ரஸ்ஸல் டெரியர் சின்னதுதான். ஆனால் போதுமான ஓட்டம் இல்லாவிட்டால் சோபாவைக் கிழித்து வைக்கும். பீகிள் கூட்டமாக வேட்டையாடப் பழக்கப்பட்ட இனம். தனியே விட்டால் ஊளையிடும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். உயரமான கிரேஹவுண்டோ நன்றாக ஓடி முடித்தால் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும்! ஷிட்சூ பொதுவாகச் சாது. முடியைத்தான் தினமும் சீவ வேண்டும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுத் தொல்லை அதிகம், வெயிலும் ஆகாது. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்புறம், காப்பகத்திலிருந்து வயது வந்த நாயைத் தத்தெடுப்பதையும் யோசியுங்கள். அதன் குணம் ஓரளவு முன்பே தெரிந்துவிடும். குட்டியை வைத்து அதைக் கணிப்பது கடினம்.