பழைய கார்ப் பட்டறை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கார்களை மட்டும் எடுத்துச் செய்யும் பட்டறை என்னுடையது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

சாட்ஸ்வொர்த் தம்பி: 1974 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் வாங்கியிருக்கிறேன் அண்ணா. முதலில் பெயிண்ட் அடித்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள், பேட்டரி அங்கேதான் இருக்கும். மேலே மூடி இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள். கனமான ஆள் உட்கார்ந்தால் சீட்டு ஸ்பிரிங் அழுந்தி பேட்டரி முனையைத் தொடும், உள்ளே இருக்கும் நார் பற்றிக்கொள்ளும். என்னிடம் வந்த ஒரு காரில் சீட்டின் அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. குழந்தைகளோடு கல்யாணத்துக்குப் போன கார் அது. அப்புறம் எஞ்சின் பக்கத்துப் பெட்ரோல் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பேட்டரித் தட்டையும், கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சேனலையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நம் கடற்காற்றில் துரு அங்கேதான் குடியிருக்கும்.

பீனிக்ஸ்: பீட்டில் 1600, வால்வு இடைவெளி எவ்வளவு?

வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே 0.15 மி.மீ. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பாருங்கள்.

டொங்காட்: மோரிஸ் மைனர் காருக்கு ஈயம் இல்லாத பெட்ரோல் ஆகுமா?

இங்கே 2006-இல் ஈயப் பெட்ரோல் நின்றது. மைனரின் ஹெட் (எஞ்சினின் மேல் மூடி) வார்ப்பிரும்பு, வால்வு மூடும்போது வந்து உட்காரும் விளிம்பான வால்வு சீட்டை அதிலேயே கடைந்திருப்பார்கள். ஈயம் மெல்லிய படலமாகப் படிந்து அந்தச் சீட்டைக் காத்தது. இப்போது ஈயத்துக்குப் பதிலான மருந்தைப் பெட்ரோலில் ஊற்றி ஓட்டுங்கள். ஹெட்டைக் கழற்றும் நாள் வந்தால் கெட்டியான சீட்டு வளையம் போட்டுவிடுங்கள்.

மெர்பேங்க் அன்பர்: தாத்தாவின் மைனர் பல வருடமாக எதுவும் ஊற்றாமல் ஓடுகிறது. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் கார் என்றால் தாங்கும். அதை மறுக்கவில்லை. என்-3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஏறவிட்டால் கதை வேறு. சூட்டில் வால்வு சீட்டு தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், இடைவெளி சுருங்கும். 0.30 மி.மீ. வைத்து அனுப்பிய கார் ஒன்று 2,000 கிலோமீட்டரில் 0.20-க்கு வந்து நின்றது. இடைவெளி தீர்ந்தால் வால்வு மூடாது, எரிந்துவிடும்.

அவரே மறுபடியும்: என் காரில் அப்படி இல்லை.

அளந்து பார்த்தீர்களா? இன்று அளந்து எழுதி வையுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி அளங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் நீங்கள் சொல்வதே சரி.

இன்னொருவர்: புது காரில் ஏர்பேக் விளக்கு எரிகிறது.

என் வேலை இல்லை. விற்ற கம்பெனியிடம் காட்டுங்கள்.

இசிபிங்கோ: பெயிண்டுக்கு எந்தக் கம்பெனி நல்லது?

இந்த வாரம் இது மூன்றாவது பெயிண்ட் கேள்வி. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் செய்யாமல் புட்டி பூசினால், எந்தப் பெயிண்டும் ஒரு மழைக்காலத்தில் கொப்பளிக்கும்.

சாட்ஸ்வொர்த் தம்பி: பேட்டரி மூடி கிடைக்கவில்லை அண்ணா. துணி போடலாமா?

துணி கூடவே கூடாது. தடித்த ரப்பர் பாயை இரண்டு முனையும் மறையும்படி வெட்டி, பட்டையால் இறுக்குங்கள். அதுவரை பின் சீட்டில் யாரையும் ஏற்றாதீர்கள்.