திறந்த மூலத் திட்டத்தில் நிரல் மாறிக்கொண்டே இருக்கிறது; அதை விளக்கும் ஆவணம் பழசாகாமல் காப்பது எப்படி?

கோத்தகிரியில் மழையும் மின்வெட்டுமாக இரண்டு மாலைகளை ஒரு நிறுவல் குறிப்போடு தொலைத்தேன். அது, நிரல்களை நிறுவ உதவும் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ தொகுதியை அழைக்கச் சொன்னது; பைத்தான் நிரல்மொழியின் 2023இல் வந்த 3.12 பதிப்பு அதை நீக்கிவிட்டிருந்தது. மண் சரிந்து பாதை மாறிய பின்னும் நிற்கும் கைகாட்டி மாதிரி.

ஆவணத்தை நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் இடம்) வையுங்கள். நிரல் மாற்றத்தோடு ஆவணத் திருத்தமும் வராவிட்டால் அந்த மாற்றத்தைச் சேர்க்க மறுத்துவிடுங்கள். கொஞ்சம் கடுமைதான், பழகிவிடும். எடுத்துக்காட்டுகளை இயந்திரமே சோதிக்கட்டும்: பைத்தானின் ‘டாக்டெஸ்ட்’ ஆவணத்தில் உள்ள கட்டளைகளை ஓட்டிப் பார்த்து, எழுதியிருக்கும் விடை பொருந்தாவிட்டால் தோல்வி என்று காட்டும். ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய நூலகங்களுக்கு ‘கார்கோ டெஸ்ட்’ கட்டளை இதே வேலையைச் செய்கிறது.

உரைநடையை மட்டும் எந்தக் கருவியும் காக்காது. புதிதாக வருபவரிடம் குறிப்பைக் கொடுத்து, அவர் தடுக்கி விழுந்த இடத்தை அவரையே திருத்தச் சொல்லுங்கள்.