ஸ்டாண்ட்பையில் கை வைக்க வேண்டாம்

கேள்வி: எங்கள் மருந்துக் கிடங்கின் பில்லிங் 24 மணி நேரமும் ஓடுகிறது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 13, ஒரு பிரைமரி (முதன்மை சர்வர்), அதன் நகலாக ஒரு ஸ்டாண்ட்பை. ஸ்டாண்ட்பையை முதலில் 17க்கு ஏற்றி, பிறகு அதற்கு மாறிக்கொள்ளலாமா?

பதில்: 13க்குள்ளேயே சின்ன அப்டேட் என்றால் இதுவே சரியான வழி. 17க்குப் போக இது உதவாது. பிரைமரியின் வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் லாக்) பதிவுகளை ஸ்டாண்ட்பை அப்படியே வாங்கி இயக்குகிறது. 13 எழுதிய வாலை 17 ஏற்காது. தவிர, பழுது வந்தால் தாங்க இருப்பது அந்த ஒரு ஸ்டாண்ட்பைதான். அதை இந்த வேலைக்கு எடுத்தால், அத்தனை நேரமும் பில்லிங் ஒற்றைக் காலில் நிற்கும்.

தனியாக இரண்டு சர்வர் எடுங்கள், வாடகைக்காவது. இரண்டிலும் 17 போட்டு, பிரைமரி-ஸ்டாண்ட்பை ஜோடியாக்குங்கள். 13இலிருந்து அந்த ஜோடிக்கு லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வையுங்கள், அதாவது வாலை அப்படியே அனுப்பாமல் டேபிள் வரிகளின் மாற்றங்களை மட்டும் அனுப்பும் முறை. இது பதிப்பு வேறாக இருந்தாலும் ஓடும். பழைய பிரைமரியில் வால் லெவல் 'லாஜிக்கல்' ஆக இல்லையென்றால் மாற்ற ஒரு ரீஸ்டார்ட் வேண்டும். கூட்டம் குறைந்த வேளையில் முடித்துவிடுங்கள்.

பப்ளிகேஷன் (எந்த டேபிள்களின் மாற்றங்களை அனுப்புவது என்ற பட்டியல்) உருவாக்கும் முன் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் கீ) இல்லாத டேபிள்களைத் தேடிப் பிடியுங்கள். ரெப்ளிகா ஐடென்டிட்டி (எந்த வரி மாறியது என்று அடையாளம் காட்டுவது, வழக்கமாகப் பிரைமரி கீதான்) இல்லாத டேபிளில் அப்டேட்டும் டெலீட்டும் அந்த நொடியே பிழை தரும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சர்வரில். அடுத்து டிஸ்க். சப்ஸ்கிரிப்ஷன் (புதிய பக்கம் மாற்றங்களை வாங்கும் இணைப்பு) நின்றுபோனால் பழைய பிரைமரியில் வால் குவிந்து இடம் நிரம்பும். தினமும் பாருங்கள். டேபிள் அமைப்பு மாற்றங்கள் தானாக வராது. மாறி முடியும்வரை டெவலப்பர்களிடம் சொல்லி நிறுத்திவையுங்கள்.

மாறும் நாளில் பிஜிபவுன்சரில் (செயலிக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் நடுவில் நின்று இணைப்புகளைக் கையாளும் மென்பொருள்) 'பாஸ்' கொடுங்கள். டிரான்சாக்‌ஷன் பூலிங் (ஒரு டிரான்சாக்ஷன் முடியும்வரை மட்டும் இணைப்பு தரும் முறை) என்றால், நடப்பவை முடிந்ததும் புதியவை வரிசையில் காத்திருக்கும். செயலியின் இணைப்பு அறாது. புதிய பக்கம் முழுதாக எட்டிப்பிடித்ததும் சீக்வென்ஸ்களை (பில் எண் போல அடுத்த எண்ணைத் தரும் கவுன்ட்டர்கள்) கையால் முன்னேற்றுங்கள், 13, 17 இரண்டிலும் அவை ரெப்ளிகேட் ஆவதில்லை. ஒருமுறை நான் இதை விட்டுவிட்டேன். திறந்ததும் முதல் பில்லே 'டூப்ளிகேட் கீ' என்று விழுந்தது.

பிஜிபவுன்சரைப் புதிய சர்வரின் பக்கம் திருப்புங்கள். 'ரெஸ்யூம்' கொடுக்கும் முன் இன்னொரு வேலை: பழைய சப்ஸ்கிரிப்ஷனை நீக்கிவிட்டு, 17இலிருந்து 13க்குத் திருப்பி ஒன்று வையுங்கள், ஆரம்ப நகல் இல்லாமல். ஒரு வாரம் கழித்துக் கோளாறு தெரிந்தாலும், ஒரு பில்கூடப் போகாமல் திரும்பிவிடலாம்.