லண்டனில் நாடக செட் டிசைனர் வேலை: சென்னையிலிருந்து வந்த தங்கைக்கு

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் அசிஸ்டென்ட்டாக இருந்தீர்கள். கணவருக்கு இங்கே ஐ.டி. வேலை கிடைத்து, அவருடைய ஸ்கில்டு ஒர்க்கர் (வேலை) விசாவில் டிபென்டன்ட்டாக, அதாவது அவரைச் சார்ந்த குடும்பத்தினராக, தெற்கு லண்டனில் இருக்கும் குரோய்டன் வந்திருக்கிறீர்கள். நாடக மேடைக்கு செட் டிசைன் செய்ய முடியுமா, எம்.ஏ. படித்தே ஆகவேண்டுமா, அதை வைத்துப் பிழைக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியும். ஆனால் "செட் டிசைனர் தேவை" என்று விளம்பரம் வரும், சி.வி. அனுப்பலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் பார்த்தவரை இந்த வேலை அப்படி வருவதே இல்லை. டைரக்டர் தனக்குத் தெரிந்த டிசைனரைக் கூப்பிடுவார். அந்த டிசைனர் தனக்குத் தெரிந்த உதவியாளரைக் கூப்பிடுவார். நீங்கள் நுழையவேண்டிய இடம் அந்த இரண்டாவது அழைப்புதான். நானும் மற்றவர்களுக்கு மாடல், அதாவது செட்டின் சின்ன மாதிரி, செய்துகொடுத்துத்தான் உள்ளே வந்தேன். இப்போது சொந்தமாக டிசைன் செய்தாலும், வேலை இல்லாத மாதங்களில் பழையபடி மாடல் செய்யப் போய்விடுகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இங்கே பலரும் அப்படித்தான்.

முதலில் விசா. உங்களுக்கு அடித்திருக்கும் அதிர்ஷ்டம் உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். இந்தத் தொழிலில் பெரும்பாலானவர்கள் ஃப்ரீலான்ஸ். ஸ்பான்சர் செய்ய முதலாளி என்று ஒருவர் கிடைப்பது அபூர்வம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் சுயதொழில் செய்யவே கூடாது. அதனால் படிக்க வருகிற பிள்ளைகள் படிக்கும் காலத்தில் சம்பளத்துக்கு ஒரு சின்ன நாடகம்கூட டிசைன் செய்ய முடியாமல் தவிக்கிறார்கள். டிபென்டன்ட் விசாவில் அந்தத் தடை கிடையாது, இன்வாய்ஸ் போட்டுப் பணம் வாங்கலாம். ஆகவே எம்.ஏ.வுக்காக ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறுகிற யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது மாடல் பாக்ஸ். இங்கே ஒரு டிசைனரின் மொழியே அதுதான். தியேட்டரின் மேடையைக் கறுப்பு அட்டையில் பெட்டியாகச் செய்து, அதற்குள் செட்டை 1:25 அளவில் வைக்கவேண்டும். அதாவது நிஜத்தில் 1 மீட்டர், மாடலில் 4 சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் உயரக் கதவு 8 சென்டிமீட்டர், 450 மில்லிமீட்டர் உயர நாற்காலி இருக்கை 18 மில்லிமீட்டர். அந்த நாற்காலிக்கு நாலு கால் வெட்டி ஒட்டி, அது ஆடாமல் நிற்கவும் வேண்டும். முதலில் வண்ணமே இல்லாமல் வெள்ளை அட்டையில் ஒரு மாடல். அதை வைத்து டைரக்டர் பேசுவார். புரொடக்‌ஷன் மேனேஜர் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டு, "இந்த மாடிப்படியை எடுத்துவிடலாமா?" என்று கேட்பார். நிச்சயம் கேட்பார். அந்தப் பேரம் முடிந்தபிறகுதான் வண்ணம், துணி, மரத்தின் ரேகை எல்லாம் வைத்த கடைசி மாடல். ஒத்திகையின் முதல் நாள் நடிகர்கள் அதைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். பிறகு ஒர்க்‌ஷாப்காரர்களும் பெயின்டர்களும் அதிலிருந்தே வண்ணம் ஒப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் சரி, மாடலைக் கேட்காத டைரக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே கத்தி பிடிக்கத் தெரிந்த கைக்கு இங்கே மதிப்பு உண்டு. ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் விடிய விடிய வேலை பார்த்த உங்களுக்கு வேகம் இருக்கும். பழக்கிக்கொள்ள வேண்டியது மில்லிமீட்டர். அடி, அங்குலத்தை மறந்துவிடுங்கள். இதில் ஒரு வேடிக்கை: வரைபடம் முழுக்க மில்லிமீட்டரில் இருக்கும், ஆனால் ஒட்டுப்பலகை மட்டும் நம் ஊர் மாதிரியே எட்டுக்கு நாலு. அதையே 2440-க்கு 1220 என்று எழுதுவார்கள். உங்கள் சுவர் 1300 மில்லிமீட்டர் அகலம் என்றால் எங்கோ ஒரு இணைப்பு தெரியும், பலகையும் வீணாகும். இதை யோசித்து வரைகிற உதவியாளரை டிசைனர்கள் விடவே மாட்டார்கள். ஆட்டோகேட் தெரியும் என்றீர்கள், நல்லது. வெக்டார்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளையும் கொஞ்சம் பார்த்து வையுங்கள்.

சினிமாவிலிருந்து வருபவர்கள் தடுமாறுகிற இடங்கள் சில உண்டு. சினிமாவில் கேமரா பார்க்காத பக்கம் வெறும் சட்டம்தான். இங்கே பார்வையாளர் ஒவ்வொருவரும் ஒரு கேமரா; ஓர் இரவில் நூற்றுக்கணக்கான கேமராக்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில். லண்டனின் நாடகப் பகுதியான வெஸ்ட் எண்டின் பழைய தியேட்டர்களில் மேல் பால்கனியில் உட்கார்ந்து பாருங்கள், மேடையின் தரைதான் கண்ணை நிறைக்கும். பின்சுவரின் மேல்பகுதி தெரியவே தெரியாது. கீழே ஸ்டால்ஸில் (தரைத்தள இருக்கைகளில்) பின்வரிசையிலும் தலைக்கு மேலிருக்கும் பால்கனி உங்கள் செட்டின் உச்சியை வெட்டிவிடும். அதனால் அனுபவமுள்ள டிசைனர் தரைக்கு நிறையப் பணம் ஒதுக்குவார். புதிதாக வருபவர் மேலே அலங்கார வளைவு வைப்பார், மலிவான டிக்கெட் வாங்கியவர் ஒருவரும் அதைப் பார்க்க மாட்டார்.

அப்புறம் நெருப்பு. சாதாரண தெர்மாகோலை அப்படியே வெட்டிப் பூசி வண்ணமடித்து நிறுத்துகிற வேலை இங்கே நடக்காது. துணி, மரம், வண்ணம் எல்லாமே தீப்பிடிப்பதைத் தாமதப்படுத்தும் வகையாக இருக்கவேண்டும், அதற்குச் சான்றிதழும் காட்டவேண்டும்.

இன்னொன்று, பிரிட்டனில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் செட், உடை இரண்டையும் டிசைன் செய்வார். எனக்குத் துணி பற்றித் தெரியாது என்று சொன்னால் பாதி வேலைகள் கைநழுவும். காஞ்சிபுரமும் சுங்குடியும் பார்த்து வளர்ந்தவருக்கு அதுவா வராது?

எம்.ஏ. விஷயம். ராயல் சென்ட்ரல், விம்பிள்டன், கார்டிஃபில் ராயல் வெல்ஷ் காலேஜ் எல்லாமே நல்ல இடங்கள். அங்கே பாடத்தைவிடப் பெரிய லாபம், கூடப் படிப்பவர்கள்தான் பின்னாளில் டைரக்டர்கள் ஆவார்கள் என்பது. படித்து முடிக்கும் டிசைனர்களுக்காக 1987-இல் தொடங்கிய லின்பரி பரிசும் இருக்கிறது. புகழ்பெற்ற மேடை டிசைனர் எஸ் டெவ்லின் அதை வென்றவர். அவர் முதலில் படித்தது ஆங்கில இலக்கியம். பிறகுதான் மோட்லி என்ற சின்ன டிசைன் வகுப்பில் சேர்ந்தார். அந்த வகுப்பு இப்போது இல்லை. ஆனால் உங்கள் நிலையில் நான் உடனே எம்.ஏ.வில் சேரமாட்டேன். டிபென்டன்ட்டாக வந்தவர்களுக்கும் ஆரம்பத்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கேட்பார்கள், அது கண்ணைக் கட்டும் தொகை. ஒரு வருடம் உதவியாளராக ஓடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் படிக்கத் தோன்றினால் படியுங்கள்.

பணம். ஒரு நாடகத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவார்கள், இரண்டு மூன்று தவணையாகத் தருவார்கள். நீங்கள் ஒரு மாதம் உழைத்தாலும் ஆறு மாதம் உழைத்தாலும் தொகை அதேதான். மாடல் செய்யும் உதவியாளருக்கோ நாள் கூலி. அதனால் சில மாதங்களில் டிசைனரைவிட உதவியாளர் கையில் காசு நிற்கும், சிரிக்காதீர்கள். சின்ன மாடியறைத் தியேட்டர்களில் "லாபத்தில் பங்கு" என்பார்கள். ஒருமுறை செய்யலாம், போர்ட்ஃபோலியோவுக்கு நல்ல போட்டோ கிடைக்கும். லாபம் என்ற பேச்சை மட்டும் நம்பவேண்டாம். எனக்கு ஒரு சின்ன கம்பெனி கடைசித் தவணையை இழுத்தடித்தபோது ஈக்விட்டி யூனியனில் உறுப்பினராக இருந்தது கைகொடுத்தது. அது நடிகர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், டிசைனர்களும் சேரலாம். வரிக்கு எச்.எம்.ஆர்.சி.யில் (பிரிட்டனின் வரித்துறை) பதிந்து, ஏப்ரல் 6 தொடங்கும் வரி ஆண்டுக்கு, அது முடிந்தபின் வரும் ஜனவரி 31-க்குள் கணக்குக் கொடுக்கவேண்டும். வரி ஆயிரம் பவுண்டைத் தாண்டினால் பொதுவாக அடுத்த வருடத்துக்கான முன்தொகையும் சேர்த்துக் கேட்பார்கள். முதல் வருடம் அந்தக் கடிதம் வந்ததும் எல்லோரும் பதறுவார்கள். ஒவ்வொரு இன்வாய்ஸிலும் கால்பங்கைத் தொடாமல் வைத்துவிட்டால் பதற வேண்டியதில்லை.

டிசம்பரில் பான்டோமைம் என்ற கிறிஸ்துமஸ் கால வேடிக்கை நாடக சீசன் வரும், அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். ஊருக்கு ஊர் நடக்கும். குழந்தைகள் வில்லனைப் பார்த்துக் கத்துவார்கள், படுதா படுதாவாக இறங்கும், புகையில் ஆள் மறைவார். ஆர். எஸ். மனோகரின் நாடகங்களில் நம் வீட்டுப் பெரியவர்கள் வாய் பிளந்து பார்த்த தந்திரக் காட்சிகளுக்குப் பக்கத்து வீடு இது. வரைந்த படுதாவுக்கு இன்றும் வேலை கொடுக்கும் இடமும் இதுதான். பேனர் வரைந்த அனுபவம் இருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, அதைத்தான் முதல் வரியில் போட்டிருக்கவேண்டும்.

நம்மவர்கள் என்று பார்த்தால், 1977-இல் தொடங்கிய தாரா ஆர்ட்ஸ் குழுவின் தாரா தியேட்டர் எர்ல்ஸ்ஃபீல்டில் இருக்கிறது, குரோய்டனிலிருந்து அதிக தூரமில்லை. போய்ப் பாருங்கள், பேசுங்கள். ஆனால் இந்தியக் கதைக்கு மட்டும் கூப்பிடப்படுகிற ஆளாக ஒதுங்கிவிடவேண்டாம். இப்சனுக்கும் செகாவுக்கும் நாம் வீடு கட்டக் கூடாது என்று யார் சொன்னது?

இந்த வாரம் தேம்ஸ் நதிக்கரையில் சவுத் பேங்க் பக்கம் போனால் நேஷனல் தியேட்டருக்குள் நுழையுங்கள். ஷெர்லிங் வாக்வே என்று மேலே ஒரு நடைபாதை இருக்கிறது, இலவசம். அங்கிருந்து செட் கட்டுகிற கூடத்தையும் வண்ணமடிக்கிற இடத்தையும் பார்க்கலாம், திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பி, உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு நாடகத்துக்கு வெள்ளை அட்டையில் 1:25 மாடல் ஒன்று செய்யுங்கள். ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஆள் பொம்மையும் வெட்டி உள்ளே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவு யாருக்கும் புரியாது. நேராக ஒன்று, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டுக் கடைசி சீட்டிலிருந்து பார்ப்பதுபோல் ஒன்று, மூன்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு, எந்த டிசைனருக்கு முதலில் எழுதலாம் என்று பேசுவோம்.