இனிப்புப் புளிப்பு ப்ரோக்கோலி சாலட்: வந்த கேள்விகளும் பதில்களும்

கே: சர்க்கரை, வினிகர் எந்த அளவில்? (பெரம்பூர்)

நடுத்தரப் பூ ஒன்றுக்கு, 300, 400 கிராம் என்று வையுங்கள், வினிகர் 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1, எண்ணெய் 1, உப்பு அரை டீஸ்பூன். சர்க்கரை கரைந்த பிறகுதான் எண்ணெய். முந்தினால் அடியில் நறநறவென்று நிற்கும்.

கே: அரை மணி நேரத்தில் சாலட் தண்ணீர் விடுகிறது. (வியாசர்பாடி)

கொதிநீரிலிருந்து எடுத்ததும் கிண்ணத்தில் கொட்டியிருப்பீர்கள். மொட்டுகளுக்குள் தண்ணீர் தங்கும். துணியில் தலைகீழாகக் கவிழ்த்து, ஃபேனுக்கடியில் கால் மணி நேரம் விடுங்கள். ஈரம் போகாமல் டிரெஸ்ஸிங், அதாவது வினிகர்க் கலவை, ஊற்றாதீர்கள்.

கே: பச்சையாக இருந்தது பழுப்பாகிவிட்டது. ஏன்? (கொருக்குப்பேட்டை)

எத்தனை நிமிடம் வெந்தது, எவ்வளவு நேரம் ஊறியது, ஒன்றும் எழுதாமல் ‘ஏன்’ என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? புளிப்பு பட்டால் பச்சையத்திலுள்ள மக்னீசியம் வெளியேறி, நிறம் காக்கியாகும். கூடுதலாக வெந்த பூ இன்னும் சீக்கிரம் மாறும். உப்புப் போட்ட கொதிநீரில் ஒரு நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், அப்புறம் ஈரம் துடைத்து, பரிமாறும்போது கலக்குங்கள்.

கே: அரை கிலோ வாங்கினேன். தண்டை எறிந்தபின் பூ கொஞ்சம்தான் தேறியது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா? (ராயபுரம்)

அவர் ஏமாற்றவில்லை. தராசில் தண்டுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தீர்கள், பிறகு அதைக் குப்பைத் தொட்டிக்குத் தானம் செய்தீர்கள். மாதாமாதம் இப்படி ஒரு கடிதம் வருகிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், ப்ரோக்கோலி எல்லாம் ஒரே தாவர இனம். நூக்கலைத் தோல் சீவிக் கூட்டு வைக்கிறோம், வாழைத்தண்டில் விரலால் நார் சுற்றிச் சுற்றி எடுத்துப் பொரியல் செய்கிறோம். இந்தத் தண்டு மட்டும் என்ன பாவம் செய்தது?

அடியில் காய்ந்த பகுதியை மட்டும் வெட்டித் தள்ளுங்கள். அடியிலிருந்து கத்தியால் தோலைப் பிடித்து மேலே இழுத்தால் நாரோடு உரிந்து வரும். உள்ளே வெளிர்பச்சையாக இருப்பதை மெல்லிய வில்லைகளாக்கி, பச்சையாகவே வினிகர், சர்க்கரைக் கலவையில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பூவை இப்படி முன்கூட்டி ஊறவைக்க முடியாது, நிறம் போய்விடும். தண்டுக்கு அந்தக் கவலை இல்லை. இனிப்பும் புளிப்பும் உள்ளே ஏறி, நறுக்நறுக்கென்று இருக்கும். என்னைக் கேட்டால் சாலட்டில் நல்ல பாகமே அதுதான்.

கே: முட்டை மயோனைஸ் போடலாமா? (தண்டையார்பேட்டை)

2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸ் விற்பனைக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டது சும்மா இல்லை. முட்டையில்லாதது வாங்குங்கள். வடிகட்டிய கெட்டித் தயிரும் சரி, ஆனால் வினிகரைப் பாதியாக்குங்கள்.

கே: பூவுக்குள் புழு இருக்குமா? (கொடுங்கையூர்)

இருக்கலாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். அப்புறம் ஈரம். சொல்லிவிட்டேன்.

கே: அப்பா வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கொடுக்கலாமா? (திருவொற்றியூர்)

அது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. ப்ரோக்கோலியில் வைட்டமின் கே அதிகம், அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். டாக்டரைக் கேளுங்கள், என்னை அல்ல.

கே: காலையில் கலந்து பாரிமுனை ஆபீசுக்கு எடுத்துப்போகிறேன். மதியம் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. (எண்ணூர்)

ஆகாமல் என்ன செய்யும்? டிரெஸ்ஸிங்கைத் தனிக் குப்பியில் எடுத்துப்போங்கள். அமெரிக்காவில் சூரியகாந்தி விதை தூவுவார்கள், நமக்கு வறுத்த வேர்க்கடலை போதும். அதையும் தனியாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நமுத்துவிடும்.