ஆய்வில் மகனைச் சேர்க்கலாமா?

கேள்வி: குலசேகரம் அருகே வசிக்கிறோம். 9 வயது மகனுக்கு டூஷேன் தசைச் சிதைவு நோய் இருப்பது மரபணுப் பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. திருவனந்தபுரத்தில் நாங்கள் காட்டும் மருத்துவமனையில், ஓர் ஆய்வில் அவனைச் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டு, ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் படிவம் தந்தார்கள். "பிள்ளைய வச்சுப் பரீட்சை பாக்கதுக்காக்கும்" என்று மாமியார் தடுக்கிறார். 15 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மாமியாரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம்; அவர் சொல்வதில் பாதி உண்மை. சிகிச்சையில் மருத்துவர் உங்கள் மகனுக்கு எது நல்லது என்பதை மட்டுமே பார்க்கிறார். ஆய்விலோ, இனி வரப்போகும் பிள்ளைகளுக்கும் உதவக்கூடிய ஒரு விடையைத் தேடுகிறார். ஆகவே, இது எவ்வகை ஆய்வு என்பதை முதலில் கேளுங்கள்.

நோயின் போக்கைப் பதிவு செய்யும் ஆய்வு என்றால் புதிய மருந்து எதுவும் தரமாட்டார்கள். தரையில் மல்லாந்து படுத்திருக்கும் பையன், தொடையில் கையூன்றி எழுந்து நிற்க எத்தனை விநாடி ஆகிறது, பத்து மீட்டரை எவ்வளவு நேரத்தில் கடக்கிறான் என்று குறித்துக்கொள்வார்கள்; சில சமயம் இரத்தமும் எடுப்பார்கள். உடலுக்கு ஆபத்து மிகக் குறைவு. பயணமும் பள்ளி விடுப்பும் உங்கள் ஒரு நாள் கூலியும்தான் பாரம். அதை யார் ஈடுசெய்வார்கள் என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

மருந்தாய்வு என்றால் நிதானம் தேவை. மருந்து யாருக்கு, மருந்தற்ற போலி ஊசி யாருக்கு என்பதைக் குலுக்கல்போல் முடிவு செய்யும் ஆய்வுகள் உண்டு. உங்கள் மகன் எந்தப் பக்கம் என்பது மருத்துவருக்கே தெரியாமல் இருக்கலாம். வைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்தும் ஆய்வாக இருந்தால், உடலில் அந்த வைரஸுக்கு எதிர்ப்புப் புரதங்கள் உருவாகி, பின்னாளில் அதே வகைச் சிகிச்சை வரும்போது அவன் தகுதியிழக்கக்கூடும். பெற்றோர் கேட்க மறக்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான். எதில் சேர்ந்தாலும், இப்போது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து வருகிறீர்கள் என்றால், மருத்துவர் சொல்லாமல் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, மருந்தாய்வில் பாதிப்பு நேர்ந்தால் அதற்கான சிகிச்சையை இலவசமாக அளிக்க வேண்டும். பாதிப்பு ஆய்வினால்தான் நேர்ந்தது என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. மருந்தாய்வுகள் அனைத்தும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கணினி மையத்திலாவது சரிபாருங்கள். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம்; அதனால் வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. 9 வயதுப் பிள்ளையிடமும், பெற்றோர் முன்னிலையில், வாய்மொழியாகச் சம்மதம் கேட்பது நெறி. அவன் தலையை ஆட்டி மறுத்தால் அதற்கும் மதிப்பு உண்டு.

படிவம் தமிழில்தான் வேண்டும் என்று கேளுங்கள். நம் குமரி மாவட்டத்தில் பலருக்கு மலையாளம் பேச வரும். பேசத் தெரிவதும், நோயைப் பற்றிய எட்டுப் பக்கங்களைப் படித்துக் கையெழுத்திடுவதும் ஒன்றல்ல. ஆய்வுக்கு அனுமதி தரும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட தமிழ்ப் படிவம் வரும்வரை காத்திருப்பதில் தவறில்லை.

இனி உங்கள் மகள். இந்நோய் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது; நெருங்கிய உறவில் திருமணம் செய்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு அது மரபணுவில் புதிதாகத் தோன்றிய பிழை. மற்றவர்களின் தாய் அதைச் சுமந்திருப்பார். நீங்கள் சுமப்பவரானால் மகளுக்கும் பாதி வாய்ப்பு உண்டு. எனவே மகனின் இரத்தத்தில் அவளைப் பற்றிய செய்தியும் இருக்கிறது. மாதிரியை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், பெயரை நீக்கி எண் இடுவார்களா, வேறு ஆய்வுக்குத் தருவார்களா என்று கேளுங்கள். பெண் பார்க்க வரும்போது இச்செய்தி எப்படித் திரியும் என்பதை நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. மகளுக்கான பரிசோதனையை, விவரம் புரிந்து அவளே முடிவெடுக்கும் வயதுக்கு ஒத்திவைப்பதே என் கருத்து. உங்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சுமப்பவர் எனத் தெரிந்தால் இதயப் பரிசோதனையும் வேண்டும்.

சேர்ந்தால், கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, மரபணு அறிக்கையோடும் மாத்திரைச் சீட்டோடும் ஒரே உறையில் வைத்திருங்கள். இரவில் மூச்சுத் திணறலோடு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அந்த உறையில்தான் இருக்கும்.